மாமாவின் சிவப்பு

உம்மாவின் தம்பியான மாமா எங்கள் வீட்டில்தான் இருந்தார். பிலிமத்தலாவையில் புடவைக்கடை. கன்னமும் காதுமடலும் எப்போதும் சிவந்தே இருக்கும். பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, நல்ல இரத்தமுள்ள மாப்பிள்ளை என்று மகிழ்ந்து போனார்கள்.

போயா எனும் முழுநிலா விடுமுறை நாட்களில் கடை பூட்டு. பகல் சோறு உண்டதும் மாமா சாய்வுக் கதிரையில் சரிவார். வெளியே மலை மறையும்படி மழை தூறும். அவருடைய குறட்டை வீடெங்கும் உருண்டு, திடீரென்று நின்றுவிடும். தம்பியும் நானும் எண்ணத் தொடங்குவோம். இருபது, முப்பது. பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர்போல் மூச்சை இழுத்து விழிப்பார், மறுபடி உறங்கிவிடுவார். இடையில் அவர் எங்கேயோ போய் வருகிறார் என்று நம்பினேன். எண்ணிக்கை கூடக்கூட எனக்குப் பெருமை.

உம்மா மட்டும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். "மாமாட குறட்டைய ஆருக்கும் செல்ல வாணாம், மகள். கலியாணம் முறிஞ்சிடும்."

தலையிடி தாங்காமல் மாமா பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பள்ளி விடுமுறையென்று நானும் ஒட்டிக்கொண்டேன். இரத்தம் அளவுக்கு மிஞ்சித் தடித்திருக்கிறதாம். ஒரு பை நிறைய எடுத்தார்கள். யாழ்ப்பாணத்து டொக்டர் அம்மா கேட்டார்:

"நித்திரையில மூச்சு நிண்டு நிண்டு வாறதோ? வீட்டில ஆரும் கவனிச்சனீங்களோ?"

"எனக்குத் தெரியல்ல டொக்டர்" என்று மாமா என்னைப் பார்த்தார்.

முதல்நாள்தான் நாற்பத்தைந்து வரை எண்ணியிருந்தேன். "இல்ல" என்றேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்ட மிதப்பில் வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

கலியாணம் நடந்தது. புதுப்பெண்ணாக வந்த மாமி ஒரு மாதம்கூடப் பொறுக்கவில்லை. அதே டொக்டரிடம் அவரை இழுத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றுமுதல் மாமா முகத்தில் காற்றுக்குழாய் மாட்டித் தூங்குகிறார். சிவப்பு மெல்ல மங்கியது. மாப்பிள்ளை வாடிவிட்டார் என்று பெண் வீட்டார் கவலைப்பட்டார்களாம்.

வெகுகாலம் கழித்துத்தான் படித்தறிந்தேன். மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும், சிறுநீரகத்திலுள்ள உயிரணுக்கள் காற்றுக் குறைவதை உணர்ந்து, இன்னும் இரத்தம் வேண்டுமென்று எலும்புக்குள் சேதி அனுப்பிக்கொண்டிருந்தன. மாமா உறங்கினார், அவை உறங்கவில்லை. அவை கேட்டுக் குவித்த இரத்தத்தைக் காட்டித்தான் நாங்கள் கலியாணம் பேசினோம். அந்த உடம்பு மூச்சுக்காக எவ்வளவு பதறியது என்பது, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.