மேல்மாடி அன்ரியின் கையிலும் ஒரு ரௌட்டர்

வேலைக் கூட்டங்களின் நடுவே தினமும் அறுந்துபோன இணையத்தை விட்டு, நேற்று வேறு கம்பனிக்கு மாறினேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

இன்று பழைய ரௌட்டரைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டால், லிஃப்டில் மேல்மாடி அன்ரி. அவர் கையிலும் ஒரு ரௌட்டர். அதில் நான் நேற்றுச் சேர்ந்த கம்பனியின் பெயர்.

“என்ன அன்ரி, மாறிட்டீங்களோ?”

“ஓம் பிள்ளை, இதைத் திருப்பிக் குடுக்கப் போறன். கனடாவில இருக்கிற மகனோட கதைக்கேக்க அவன்ர முகம் பாதியில அப்பிடியே நிண்டுபோகுது.”

“எந்தக் கம்பனிக்கு மாறினீங்கள்?”

என் கையிலிருந்த ரௌட்டரைக் காட்டினார். “இதுக்குத்தான்.”

“நான் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைச்சிட்டன் அன்ரி.”

“நானுந்தான்.”

தரைத்தளத்தில் இறங்கி, ரௌட்டர்களோடு ஆளுக்கொரு பக்கம் நடந்தோம்.

எங்கள் வெள்ளவத்தையில் இணையம் ஒழுங்காக வேலை செய்யும் வீடு யாருடையது? கம்பனியின் பெயர் வேண்டாம், விலாசத்தைத் தாருங்கள். அன்ரியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.