கிழக்குத் தெருப் பெண்ணும் மேற்குத் தெரு வால்தடியும்

ஷூயுன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தினைக் கஞ்சியைக்கூடக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி முற்றத்தில் நடந்தபடியேதான் குடிப்பாள். கால்வாய்க்குத் துணி துவைக்கப் போனால், மற்ற பெண்கள் பேச்சை ஆரம்பிப்பதற்குள் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சாங்சோ சமவெளியில் இருந்த அந்தச் சின்ன ஊரே சொல்லும்.

அந்த ஊரில் சண்டை பழகாத வீடு கிடையாது. சண்டை போட்டுக்கொள்ளாத தெருவும் கிடையாது.

கிழக்குத் தெருவின் ஆயுதம் முத்துண்டுத் தடி. மூன்று சம அளவுத் தடிகள், நடுவில் இரும்பு வளையங்கள். ஏதோ ஒரு காலத்துச் சக்கரவர்த்தியின் நீளத் தடி போரில் உடைந்ததாம், தூக்கி எறிய மனசில்லாமல் வளையம் போட்டுக் கோத்தாராம், மறுபடி உடைந்து மூன்றானதாம். உடைந்த தடிக்கு இவ்வளவு பெருமை அந்தத் தெருவில்தான் உண்டு.

மேற்குத் தெருவில் வால்தடி. ஆளுயரத் தடியின் நுனியில், வளையங்களில் தொங்கும் ஒரு குட்டைத் தடி. குதிரைக் கொள்ளைக்காரர்கள் வந்தபோது களத்தில் கதிரடித்துக்கொண்டிருந்த முன்னோர்கள், கையில் இருந்த கதிரடிக் கோலாலேயே, நீளக் கழியின் நுனியில் விளார் கட்டிய தலை சுழலுமே அதனாலேயே, அடித்து விரட்டினார்கள் என்பது அவர்கள் கதை. அப்புறம் வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் குதிரைக் காலை வாரிவிட இன்னும் நீளமாக்கினார். ஒருவர் கைக்கொன்றாகப் பிடிக்கிற மாதிரி இரண்டு குட்டையாகச் செய்தார். இன்னொருவர் வாலில் ஆணி அடித்தார். நாலு வீடு தள்ளிப் போனால் நாலு விதம்.

ஷூயுன் பிறந்தது கிழக்கில், வாக்கப்பட்டது மேற்கில். பிறந்த வீட்டில் பெண்பிள்ளைகளுக்குத் தடி கற்றுத்தரும் வழக்கம் இல்லை. பயிற்சி நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்திவிடுவார்கள். சமையல்கட்டு மண்சுவரில் ஒரு ஓட்டை இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, மாவு உருட்டும் கட்டைகளைக் கயிற்றில் கட்டிச் சுழற்றி மண்டையில் அடிவாங்கிக்கொள்வாள்.

கல்யாண விருந்தில் அவள் அப்பா பியன் யோங்தாய், குடித்த தைரியத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "சக்கரவர்த்தி தடி இருக்கற வீட்ல பொறந்தவ. கதிரடிக்கிறவன் வீட்டுக்குப் போறா. என்னத்தச் சொல்ல!"

மாப்பிள்ளை தெகுய் எதற்கும் அவசரப்படாதவன். வாயில் இருந்த மேன்டோவை, ஆவியில் வெந்த கோதுமை ரொட்டியை, மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்: "சக்கரவர்த்தி மேன்டோ திங்க மாட்டாரா மாமா? அந்தக் கோதுமையை அடிச்சுக் குடுத்தது யாரு?"

பந்தி முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு எழுந்து போன யோங்தாய், அதற்குப் பிறகு மகள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை.

வருஷங்கள் ஓடின. ஒரு கோதுமை அறுப்புக் காலத்தில் ஊருக்குள் பட்டாளம் வந்தது. யாருடைய பட்டாளம் என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அந்தக் காலத்தில் கொடிகள் அப்படி மாறிக்கொண்டிருந்தன. வந்ததும் கழுதைகளைப் பிடித்துக்கொண்டார்கள். களத்தில் கதிர்மேல் உருட்டும் கல்லுருளையை இழுக்கக் கழுதை இல்லாமல் போக, மூலையில் கிடந்த கதிரடிக் கோல்கள் மறுபடி வெளியே வந்தன. அடுத்து உத்தரவு வந்தது: ஆயுதங்களையெல்லாம் கோயிலில் கொண்டுவந்து போட வேண்டும். ஒளித்துவைத்தால் அந்த வீட்டு ஆம்பிளையைக் கட்டி இழுத்துப்போவார்கள். பக்கத்து ஊரில் அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

முத்துண்டுத் தடியை வேறு என்னவென்று சொல்ல முடியும்? கிழக்குத் தெரு மொத்தமும் கொடுத்துவிட்டது. தெகுய் மட்டும் அசையவில்லை.

"கோதுமை வீட்டுக்கு வந்ததும் பின்னாடியே கொள்ளைக்காரன் வருவான். அப்போ எதை வெச்சுக்கிட்டு நிக்கச் சொல்ற?"

"நீ இருந்தாத்தானேய்யா நிப்ப! கொண்டுபோய்ப் போட்டுட்டு வா."

"மாட்டேன்."

அவன் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். புதைக்கவும் வழியில்லை, தோண்டிய மண்ணைத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்க்கிறார்கள். கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தாள். திடீரென்று நின்று, வால்தடியை இறக்கி, சிவப்புச் சாயத்தை அரிவாளால் சுரண்டினாள். குட்டைத் தடியைச் சுற்றி விளார்களை வைத்துத் தோல்வாரால் இறுக்கினாள். வளையங்களின் மேலும் தோலைச் சுற்றினாள். சேற்றை அள்ளிப் பூசிக் களத்தில் போட்டாள். பார்வைக்கு அது கதிரடிக் கோல்தான்.

ஆனால் கதிரடிக் கோலின் தலை ஒற்றை ஆணியில், ஒரே போக்கில் திரும்பும். வளையத்தில் ஆடுவது நாலா பக்கமும் போகும். ஆணி மாற்ற நேரமில்லை. சிப்பாய்கள் களத்துக்கு வந்துவிட்டார்கள்.

வைக்கோலைக் குத்திப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. தலைவன் தண்ணீர்ப் பானைப் பக்கம் போனான். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்த ஒரு சிப்பாய் மட்டும் பரப்பிய கதிரையே பார்த்தபடி நின்றான்.

"அண்ணி, இதைத் தொட்டு ரொம்ப நாளாச்சு. ரெண்டு அடி அடிச்சுக்கிறேனே."

அவள் தடுப்பதற்குள் அவன் கோலை எடுத்துவிட்டான். அவன் ஓங்கி அடித்தான். தலை பக்கவாட்டில் திரும்பி அவன் காதிலேயே விழுந்தது. தொப்பி பறந்தது. அவன் தோல் சுற்றிய இடத்தைத் தடவினான். உள்ளே வளையம் கிணுங்கியது. அவன் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற தெகுயைப் பார்த்தான்.

"என்னடா அங்க?" என்றான் தலைவன், பானையிலிருந்து வாயை எடுத்து.

ஷூயுன் கலகலவென்று சிரித்தாள்.

"பட்டாளத்துச் சோறு தின்னா கதிரடிக்கக்கூட மறந்துபோகுமா தம்பி? குடு இங்க!"

வாங்கி ஓங்கினாள். சமையல்கட்டு ஓட்டை வழியாகப் பார்த்த அந்த மணிக்கட்டுத் திருப்பம் கையில் தானாக வந்தது. வளையம் முறுக்கிக்கொள்ளுமுன் அரை இழுப்பு, அப்புறம் ஒரு தளர்ச்சி. தலை மட்டமாக விழுந்தது, கோதுமை தெறித்தது. மறுபடி அடித்தாள், மறுபடியும் மட்டமாகவே விழுந்தது. தெகுய் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

சிப்பாய் தொப்பியை எடுத்துத் தட்டிக்கொண்டான். "ஒண்ணுமில்லீங்க, கதிர் சரியா காயல, வழுக்குது," என்று தலைவனுக்குக் குரல் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் அவளிடம் தணிந்து சொன்னான்: "எங்க ஊர்லயும் இந்தத் தடி இருந்துச்சு அண்ணி. முதல்ல ஒரு ஆணி போடுங்க."

அவர்கள் போன பிறகும் அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயம். தெகுய் வந்து தோளைப் பிடித்தபோது அவள் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

சாயங்காலம் வாசலில் யோங்தாய் வந்து நின்றார். கிழக்குத் தெருத் தடிகள் பட்டாளத்து அடுப்பில் எரிந்துவிட்டனவாம். களத்தில் நடந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது. யாரையும் கேட்காமல் களத்துக்குப் போய் வால்தடியைக் கையில் எடுத்தார்.

"அது கதிரடிக்கிறவன் சாமான்ப்பா, தொட்டா கை தீட்டாயிடப் போவுது," என்றாள் பின்னாலேயே வந்த ஷூயுன்.

அவர் அதைக் காதில் வாங்காதவர்போல் வளையத்தை அசைத்துப் பார்த்தார். "அரை இழுப்பு இழுத்து விட்டியாமே. தெகுய் சொன்னான்."

"ம்."

"அது நம்ம வீட்டு இழுப்பு."

"யாரும் எனக்குச் சொல்லித் தரலை. சமையல்கட்டுச் சுவத்துல ஒரு ஓட்டை இருந்துச்சு."

"தெரியும்," என்றார் யோங்தாய். "வருஷா வருஷம் சுவரு பூசுவேன். அந்த இடத்தை மட்டும் விட்டுட்டுப் பூசுவேன்."

ஷூயுன் அப்படியே வைக்கோல்மேல் உட்கார்ந்தாள்.