மலையாண்டி மாட்டிய இரண்டு கண்ணாடிகள்

ஆலங்குடிப் பக்கம் மலையாண்டியைப் பற்றி யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: திமிர் பிடித்தவன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கும்பிட்டால் பார்க்க மாட்டான், கல்யாண வீட்டுக்கு வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் பந்தியில் உட்காராமல் போய்விடுவான். ஓட்டை பிக்கப் வண்டி ஓட்டுகிறவனுக்கே இவ்வளவு என்றால் பஸ்ஸைக் கையில் கொடுத்தால் என்ன ஆட்டம் ஆடுவானோ என்று பேசிக்கொண்டார்கள். ஊருக்கென்ன, வாய்க்கு ஒருவன் கிடைத்தால் போதும். உண்மை வேறு. மலையாண்டிக்குக் காது கேட்காது.

பிறவியிலேயே அப்படி இல்லை. ஐம்பத்தைந்தாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் அவனும் மனைவி ராக்காயியும் ஒன்றாகப் படுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவன் மட்டும் எழுந்தான். பிள்ளைகுட்டி கிடையாது. ராக்காயி வாய் ஓயாதவள்; அடுப்போடும் பேசுவாள், ஆட்டோடும் பேசுவாள். அதனால் வீடு சத்தமில்லாமல் கிடந்தபோது, அவள் போய்விட்டாள், பிறகு எங்கேயிருந்து சத்தம் வரும் என்றுதான் நினைத்தான். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் உதட்டை மட்டும் அசைத்தார்கள். துக்க வீடென்று மெதுவாகப் பேசுகிறார்கள் போல என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டான். உடம்பு தேறி முதல் நாள் வண்டியில் ஏறி ஹாரனை அழுத்தினான். முன்னால் போன மாடுகள் மிரண்டு தலைதெறிக்க ஓடின. அவனுக்கு மட்டும் அந்த ஹாரன் எங்கோ பக்கத்து ஊரில் அடித்தது. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தான், அப்போதும் அப்படித்தான். அடுத்த சில மாதங்களில் அந்தப் பக்கத்து ஊர்ச் சத்தமும் நின்றுபோனது.

யாரிடமும் சொல்லவில்லை. செவிடன் கையில் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? முதலாளி ஆத்மநாதன் கடலை வியாபாரி. நாற்பத்தெட்டில் திருச்சியில் மிலிட்டரி சாமான் ஏலத்தில் அந்த வண்டியை எடுத்தார். அன்றைக்கு அதை ஆலங்குடிக்கு ஓட்டி வந்தவனே மலையாண்டிதான். மனைவி போன பிறகு அவனுக்கென்று மிஞ்சியது அந்த வண்டி ஒன்றுதான். அதுவும் போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதலாளி ஊர்ப் பெயரும் மூட்டைக் கணக்கும் தவிர வேறு பேசாதவர். அவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையாட்டப் பழகிவிட்டான்.

மற்றவர்களிடம்தான் சிக்கல். ஒருநாள் டீக்கடையில் ஒரு பெரியவர், ராக்காயி எத்தனை நாள் படுக்கையில் கிடந்தாள் என்று இரக்கமாக விசாரித்திருக்கிறார். இவன், "சர்க்கரை கம்மியாப் போடுங்க" என்று சொல்லிவிட்டான். கடையில் இருந்தவர்கள் முகமெல்லாம் ஒரு மாதிரி போனதைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பாகிவிட்டது என்று உறைத்தது. அத்தோடு டீக்கடையை விட்டான். பிறகு கோயில் திருவிழாவை விட்டான், சொந்தக்காரர் வீடுகளை விட்டான். செவிடன் என்று தெரிவதற்குத் திமிர் பிடித்தவன் என்ற பெயரே தேவலை என்று முடிவு செய்துகொண்டான்.

ஆனால் ரோட்டில் திமிர் செல்லுபடியாகாது. பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கி சைடு கொடுக்க வேண்டும். வண்டியில் இருந்தது வலதுபக்கம் ஒரே ஒரு வட்டக் கண்ணாடி, உள்ளங்கை அகலம், அதிலும் பாதி ரசம் உதிர்ந்துவிட்டது. ஒரு தடவை ஒரு பஸ் டிரைவர் இரண்டு மைல் தூரம் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் ஓரமாக முந்திக் குறுக்கே நிறுத்தி இறங்கிவந்து இவன் சட்டையைப் பிடித்தார். அந்த வாரமே மலையாண்டி புதுக்கோட்டையில் பழைய இரும்புக் கடைகளில் தேடி, உடைத்துப் போட்ட லாரி ஒன்றின் இரண்டு பெரிய சைடு கண்ணாடிகளைத் தண்டோடு வாங்கி வந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி நிறுத்தும் கொட்டகையில் வேலையை ஆரம்பித்தான். பழைய கண்ணாடியின் போல்ட்டுகள் துருவில் இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஸ்பேனர் போட்டுத் திருகினான். ஒன்று வந்தது, மற்றொன்று தலை முறிந்து கையோடு வந்தது. புதுக் கண்ணாடிகளின் தண்டைக் கதவுக் கீலில்தான் மாட்ட வேண்டும். கீலின் ஆணியைத் தட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையில் தண்டின் காலை இறக்க வேண்டும். கதவு கனமான ராணுவக் கதவு. அடியில் கட்டையும் ஜாக்கியும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு மேல்கீலை மட்டும் கழற்றினான். இரண்டையும் ஒன்றாகக் கழற்றுகிறவன் கதவைக் காலில் வாங்கிக்கொள்வான்.

மாட்டுவதுகூடப் பெரிதில்லை, பார்வைக்குச் சரியாக வைப்பதுதான் பாடு. அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம், போதும்" என்று சொல்ல வேண்டும், வெளியில் நிற்பவர் திருப்பி நட்டை முறுக்க வேண்டும். மலையாண்டி ஒற்றை ஆள். ஏறி உட்கார்ந்து பார்ப்பான், இறங்கி ஒரு நூல் திருப்புவான், மறுபடி ஏறுவான். இப்படி வெயில் உச்சிக்கு வரும்வரை எத்தனை தடவை ஏறி இறங்கினான் என்பதற்குக் கணக்கில்லை. பக்கத்துப் பட்டறை மெக்கானிக் ரெங்கராஜ் வேடிக்கை பார்த்துக்கொண்டே, "என்னண்ணே, கழுதை வயசுல பொண்ணு பாக்கப் போறீங்களா? ரெண்டு கண்ணாடி கேக்குது!" என்று கத்தினான். மலையாண்டி காதில் அது விழவில்லை. புதிதாக மாட்டிய கண்ணாடியில் ரெங்கராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்தது. சரியாகத்தான் வைத்திருக்கிறோம் என்று நட்டை இறுக்கினான்.

மூன்று வருஷம் அந்தக் கண்ணாடிகள் அவனைக் காப்பாற்றின. ஹாரனில் கை வைக்கும் முன்பே ஒதுங்கி வழிவிடுகிறான் என்று பஸ்காரர்களே மெச்சினார்கள். அறுபத்தொன்றில் கடலை அறுவடை வந்தது. முந்தின வருஷங்களைப் போலவே, கடலை ஆயும் பெண்களை மூட்டைகளோடு பின்னால் ஏற்றிக்கொண்டு சாயங்காலம் அவரவர் ஊர் முக்கத்தில் இறக்கிவிடுவது அவன் வேலை. நிறுத்த வேண்டுமென்றால் கேபின் தகரத்தில் தட்டுவார்கள். தட்டுவதற்கு அவசியமே வைக்காமல் யார் எங்கே இறங்குவார்கள் என்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மருதாயி. ஐம்பது வயது, தாலி அறுத்தவள், குரல் மட்டும் பத்து ஆளுக்குச் சமம் என்று சொல்வார்கள். அதை அவன் கேட்டதில்லை.

அன்று ஒரு மேட்டில் வண்டி குலுங்கியதில் கயிறு அவிழ்ந்து, நான்கு மூட்டைகள் சரிந்து மருதாயியின் கால்மேல் விழுந்தன. எலும்பு முறிந்தது. அவள் அலறினாள், எல்லாப் பெண்களும் அலறினார்கள், கேபின் தகரத்தை முஷ்டியால் அடித்தார்கள். முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னலை மூட்டைகள் அடைத்திருந்தன. அந்த வண்டி ஓடினாலே உடம்பெல்லாம் உதறும். அந்த அடியும் உதறலோடு உதறலாய்ப் போனது. மலையாண்டி வலது கண்ணாடியைப் பார்த்தான், செம்மண் புழுதி. இடது கண்ணாடியைப் பார்த்தான், முந்திரிக் காடு. பின்னால் ஒரு குறையும் இல்லை என்று நிம்மதியாக மூன்று மைல் ஓட்டினான்.

முக்கத்தில் நிறுத்தி இறங்கியபோது ஒருத்தி அவன் முகத்தில் மண்ணை வாரி இறைத்தாள். மருதாயியின் காலைப் பார்த்ததும்தான் நடந்தது புரிந்தது. அப்படியே வண்டியைத் திருப்பிப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விட்டான்.

மறுநாள் ஆத்மநாதன் கூப்பிட்டு நிறுத்தினார். "அந்தக் கத்து கத்தியிருக்காளுக. ஏன்டா நிறுத்தல?"

உதட்டிலிருந்து புரிந்தது. அடுத்து என்ன என்று அவர் வாயையே பார்த்தான்.

"ஒன் திமிரெல்லாம் பொம்பளைங்ககிட்ட வச்சுக்காத. ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்குறேன். நாளைக்குப் பொன்னமராவதி லோடு. போ."

அறுவடைக் காலத்தில் டிரைவரை விடுவாரா? விஷயம் அத்தோடு முடிந்தது, மலையாண்டி தப்பித்துவிட்டான். கெட்ட பெயர் அவன் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டது. நேரே கொட்டகைக்குப் போய் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். இரண்டு கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தான். ரோடு தெரிந்தது, வேலி தெரிந்தது, தூரத்தில் போகிற ஆடுகூடத் தெரிந்தது. அவன் ஏற்றிக்கொண்டு போகிற மனுஷர்கள் மட்டும் அதில் எந்தப் பக்கமும் தெரிய மாட்டார்கள். இன்னும் ஆயிரம் தடவை திருப்பி வைத்தாலும் தெரிய மாட்டார்கள்.

ஜாக்கியை எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தான். ஒரு தண்டை உருவி, பழைய கீல் ஆணியை எண்ணெய் தடவி இறக்கினான். அடுத்த பக்கமும் அதேபோல் செய்தான். மாட்டியதற்கு ஒரு பகல் பிடித்தது, கழற்ற ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கண்ணாடிகளையும் தூக்கிக்கொண்டு போய் முதலாளியின் மேஜைமேல் வைத்தான்.

"இது இல்லாம என்னால ஓட்ட முடியாதுங்க. இது இருந்தும் நான் ஓட்டக் கூடாதுங்க. எனக்குக் காது கேக்காது."

ஆறு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னது எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கடலைக் கிட்டங்கியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆத்மநாதன் கண்ணாடிகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு முகத்தைத் திருப்பி ஏதோ சொன்னார். நல்லதோ கெட்டதோ, அது இவனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, கிட்டங்கியைக் கைகாட்டி, இனி அங்கேதான் வேலை என்பதுபோல், சாக்கு தைக்கிற மாதிரி கையை இழுத்துக் காட்டினார்.

மருதாயி வீட்டுக்கு நடந்துதான் போனான். மாவுக்கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்தவள் அவனைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அக்கா, எனக்குக் காது கேக்காது. நீங்க தட்டுனது கேக்கல, கத்துனது கேக்கல. கேட்டிருந்தா நின்னிருப்பேன்க்கா."

அவள் மெல்லத் திரும்பினாள். பிறகு மடமடவென்று பேச ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து நீர் வடிந்தது.

"புரியலக்கா. மெதுவாச் சொல்லுங்க."

மறுபடி சொன்னாள். புரியவில்லை என்று அவன் தலையை ஆட்டினான். மூன்றாம் தடவை ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவதுபோல் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குவதுபோல் காட்டினாள். "தெனமும் எறங்குறப்ப சொல்லுவேன். தனியாப் போறியே, சாப்புட்டுப் படுத்துக்கன்னு. மூணு வருஷமாச் சொன்னேன். ஒருநாளும் நீ திரும்பிக்கூடப் பாக்கல."

இடதுபக்கக் கண்ணாடியில் தினமும் அவளைப் பார்த்திருக்கிறான். கூடையோடு ரோட்டோரம் நிற்பாள், வாய் அசையும். கூட வந்தவர்களோடு பேசுகிறாள் என்று நினைத்து அவன் கியர் போட்டுப் போயிருக்கிறான். மூன்று வருஷம் எத்தனை சாயங்காலம். மலையாண்டி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதான். ராக்காயி போனபோதுகூட அப்படி அழவில்லை.

மருதாயி எட்டி அவன் தோளைத் தட்டினாள். அவன் நிமிர்ந்து பார்த்ததும் அதையே இன்னொரு தரம் சொன்னாள்.

"சாப்புட்டுப் படுத்துக்குறேன்க்கா" என்றான்.