கேரவனில் குளித்த தண்ணீர்

மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆழ்வார்பேட்டையில் எங்கள் அபார்ட்மென்ட் கிணற்றில் சோப்பு நுரை மிதந்தது. எட்டு வீடுகள் புழங்குகிற கிணறு.

யார் செய்த வேலை என்கிறீர்களா? சாட்சாத் நான்தான்.

ஆமாம்... ஆற்றில் கழிவைக் கொட்டாதீர்கள் என்று இதே பக்கத்தில் உங்களுக்கு அடிக்கடி பாடம் நடத்துகிறேனே, அதே நான்!

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்கா ராஜேஸ்வரி என்னோடுதான் இருக்கிறாள். இரண்டு வருடம் முன்பு கர்ப்பப்பையில் புற்றுநோய். ரேடியேஷன் கொடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அன்றிலிருந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை அவள் பாத்ரூம் போயாக வேண்டும். அடக்க முடியாது. கோயிலை விட்டாள். தி.நகர் கடைகளை விட்டாள். நாலு தெரு தள்ளி இருக்கும் சிநேகிதி வீட்டைக்கூட விட்டாள்.

இந்த நிலையில் அவளுடைய ஒரே மகனுக்குப் பெண்ணின் ஊரான திருநெல்வேலியில் கல்யாணம்.

"நீங்கல்லாம் போயிட்டு வாங்க. நான் வீடியோவுல பாத்துக்கறேன்" என்றாள், துணி மடித்துக்கொண்டே. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள்.

ரயிலில் பாத்ரூம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். உள்ளே ஆள் இருந்தால்? ஒரு தடவை அப்படி வாசலில் நிற்கும்படி ஆகிவிட்டது. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

அதனால்தான் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்தோம். ஷூட்டிங்கில் நடிகர்கள் உட்கார்ந்திருக்கும் அதே ரகம், கொஞ்சம் சின்னது. கட்டில், குட்டி சமையல் மேடை, ஷவர் வைத்த பாத்ரூம். டிரைவர் டில்லிபாபு, வியாசர்பாடிக்காரர். அக்காவைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, "ராணி மாரி இட்டுக்கினு போறேன் பெரீம்மா, நீ ஒண்ணியும் ரோசனை பண்ணாத" என்றார்.

அப்படியே கூட்டிப்போனார். அக்கா மண்டபத்தில் பட்டுப்புடவையோடு நின்று மகனுக்கு அட்சதை போட்டாள். அதற்காக இன்னும் பத்து கேரவன் எடுப்பேன்.

வினை, திரும்பி வரும்போது வந்தது.

கேரவனுக்கு அடியில் இரண்டு டேங்க் உண்டு. ஒன்று டாய்லெட்டுக்கு. அதை வண்டிக் கம்பெனியே லாரி வைத்து உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். இன்னொன்று, குளித்த தண்ணீர், முகம் கழுவிய தண்ணீர், பாத்திரம் தேய்த்த தண்ணீருக்கு. போகும்போது அது நிரம்பிய கதையே எனக்குத் தெரியாது. டில்லி கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுச் சாக்கடையில் காலி செய்திருக்கிறார். திரும்பும்போது நானும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேர்தானே என்று தாராளமாகப் புழங்கினோம்.

கிண்டி சிக்னலில் டில்லி பிரேக் போட்டார். பாத்ரூமுக்குள்ளிருந்து அக்காவின் குரல். "மாலா! தண்ணி மேல வருது!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். தரையில் இருக்கும் வடிகால் துளை வழியாகச் சாம்பல் நிறத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. எண்ணெய்ப் படலம், சோற்றுப் பருக்கை, ஷாம்பு வாசனை. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முன்னால் டில்லி வண்டியை ஓரம் கட்டினார்.

"டேங்க் ஃபுல்லு மேடம். ரெண்டு நிமிசம். இங்க வால்வைத் தொறந்து வுட்டா சரியாப் பூடும்."

"தண்ணி எங்க போகும்?"

"வேற எங்க? ஆத்துக்குத்தான். ஆறே அப்டித்தான கீது?"

"வழக்கமா எங்க விடுவீங்க?"

கொஞ்சம் தயங்கினார். "ஐவேஸ்ல லேசாத் தொறந்து வுட்டுக்கினே போய்டுவேன். வண்டி ஓட ஓட காலியாயிடும். யாருக்கும் தெரியாது."

"பின்னால பைக்ல வர்றவன் சோப்புத் தண்ணியில வழுக்கி விழுந்தா?"

டில்லி மெல்லச் சொன்னார்: "ஷெட்டுல ஊத்த வுட மாட்டாங்க மேடம். காலி பண்ணித்தான் எடுத்தாரணும்னு ஆர்டரு. எங்க காலி பண்றதுன்னு இத்தினி வருசத்துல ஒருத்தனும் சொன்னதில்ல."

எனக்கு அப்போது ஒரு பெருமிதம் வந்தது பாருங்கள்... "எங்க வீட்டுக்கு விடுங்க. எங்க ட்ரெயினேஜ்லயே ஊத்துவோம்" என்றேன்.

சைதாப்பேட்டையிலிருந்து ஆழ்வார்பேட்டை என்ன தூரம்? அன்று முடியவே இல்லை. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கருக்கும் துளையிலிருந்து ஒரு 'களுக்'. துண்டை மடித்துத் துளைமேல் வைத்து, காலால் அழுத்திக்கொண்டு நின்றேன். நந்தனம் சிக்னலில் அக்கா என்னையே பார்த்தாள். அவளுக்கு அவசரம். அந்த நிலையில் பாத்ரூமுக்குள் எப்படிப் போவாள்? "வீடு வந்துரும்க்கா, வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வந்தது. அக்காவை மேலே விட்டுவிட்டு ஓடி வந்தேன். வண்டி கேட்டுக்குள் நுழையாது. வெளியிலிருந்தே டில்லி ஹோஸை இழுத்தார்.

"எதுல வுடறது மேடம்?"

கேட்டை ஒட்டி ஒரு வட்ட மூடி. அதில் வரிசையாக ஓட்டைகள். இருபத்தேழு வருடமாக அதை மிதித்துக்கொண்டு போய் வருகிறேன். தண்ணீர் உள்ளே போகத்தானே ஓட்டை?

"இதுதான். விடுங்க" என்று கை காட்டினேன்.

அவர் மூடியை நகர்த்தி ஹோஸைச் செருகினார். பத்து நிமிடம் ஓடியிருக்கும். நான் போட்டோ கூட எடுத்தேன். எதற்கு? 'பொறுப்பான பயணம்' என்று உங்களுக்கு ஒரு பத்தி எழுதத்தான்!

அப்போதுதான் மூன்றாவது மாடியிலிருந்து எங்கள் செக்ரட்டரி கோபாலன் சாரின் குரல்.

"நிறுத்துப்பா! நிறுத்து! என்ன பண்ணிண்டிருக்கே? அது ட்ரெயினேஜ் இல்லை, மழைத்தண்ணிக் குழி! நேரா கிணத்துக்குன்னா போறது!"

டில்லி பாய்ந்து வால்வை மூடினார். கோபாலன் சார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கி வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்.

"அறிவு வேண்டாமா? யாரைக் கேட்டுண்டு மூடியைத் திறந்தே? எட்டுக் குடும்பம் இருக்கு இங்கே! ரோட்டுல கொட்டற பழக்கத்தை இங்கேயும் காட்டறியா?"

டில்லி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நானும் பேசவில்லை.

அரை நிமிடம் இருக்கும். எழுதுகிறவள், நாலு பேருக்குத் தெரிந்தவள், இந்த அபார்ட்மென்ட்டில் குப்பை பிரிக்கச் சொல்லி எல்லோரையும் விரட்டுகிறவள்... இதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் என் வாயைப் பொத்திவிட்டது. டில்லியின் காது நுனி சிவந்திருந்ததை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

"சார்... நான்தான் இந்த மூடியைக் காட்டினேன். அவர் மேல தப்பில்ல."

"நீங்களா?" என்றார் கோபாலன் சார். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அடுத்த நொடி அவரே பதறினார். "மோட்டார் ஓடிண்டிருக்கே!"

கிணற்றுத் தண்ணீரை மாடி டேங்குக்கு ஏற்றும் மோட்டார். அவர் அதை நிறுத்த ஓடினார். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு இர்ஃபான் வெளியே வந்து, கம்பி வலை வழியாகக் கிணற்றை எட்டிப் பார்த்தார். நுரை.

"ஆன்ட்டி... ஷபானா இப்பதான் குழந்தையைக் குளிப்பாட்டிட்டு இருந்தா."

இர்ஃபான்-ஷபானாவின் பையனுக்கு அன்று இருபத்தாறு நாள்.

செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவர்கள் வீட்டுக்குள் ஓடினேன். ஷபானா குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். "இப்பதான் ஆன்ட்டி முடிச்சேன். ஏன், என்னாச்சு?"

குழந்தை மேல் விழுந்தது டேங்கில் முன்பே இருந்த தண்ணீரா, இப்போது ஏறியதா? யார் சொல்வது? கோபாலன் சாருக்குத் தெரியவில்லை. பிளம்பருக்கும் தெரியவில்லை.

அன்று முழுக்க, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "கிணத்துத் தண்ணியைத் தொடாதீங்க, என்னால கெட்டுப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒரு அம்மாள், "நீங்களே இப்படிச் செஞ்சா..." என்று பாதியில் நிறுத்தினார். மீதியை நான்தான் நிரப்பிக்கொண்டேன்.

டில்லிக்குச் சாயங்காலம் வேறு டியூட்டி. போகவில்லை. "வரலன்னு சொல்ட்டேன் மேடம்" என்று லுங்கியைக் கட்டிக்கொண்டு, பிளம்பரோடு குழிக்குள் இறங்கி, ஊறிப்போன ஜல்லியையும் மணலையும் கூடை கூடையாக அள்ளினார். கிணற்றை இறைத்தார்கள். மாடி டேங்கைத் தேய்த்துக் கழுவினார்கள். கேரவனில் மீதியிருந்த தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, வேட்டித் துணியில் பருக்கைகளை வடிகட்டி, பின்பக்கம் இருக்கும் உண்மையான ட்ரெயினேஜ் மூடியைத் திறந்து ஊற்றினோம். அது சதுர மூடி. அதில் ஓட்டையே கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு காலிங் பெல். இர்ஃபான். முகமே சரியில்லை.

"ஆன்ட்டி, பையன் நெஞ்சுல, கழுத்துல எல்லாம் செவப்பு செவப்பா வந்திருக்கு."

என் பின்னால் அக்கா நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் போன பிறகு என் முழங்கையைப் பிடித்தாள்.

"மாலா... அது என் சீக்கு உடம்பு கழுவின தண்ணியில்ல? அந்தப் பச்சப்புள்ளைக்கு என்னால ஏதாவது வந்துருமா?"

இப்படி ஒரு எண்ணம் அவளுக்குள் ஓடுமென்று எனக்குத் தோன்றவே இல்லை. முந்தின நாள் அவள் சாப்பிடாமல் படுத்தது பயண அலுப்பு என்று நினைத்துவிட்டேன்.

அவர்களோடு குழந்தைகள் டாக்டரிடம் போனேன். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். ஷபானா என் பக்கம் திரும்பாமல் குழந்தையின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, பயமா தெரியவில்லை.

டாக்டர் குழந்தையின் சட்டையை விலக்கிப் பார்த்தார். "வேர்க்குரு. இறுக்கமாத் துணி சுத்தாதீங்க. ரெண்டு நாள்ல போயிடும்" என்றார்.

நான் தண்ணீர் விஷயம் முழுவதையும் கொட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "இது அதனால வந்த மாதிரி இல்ல. ஆனா கிணத்துத் தண்ணியை டெஸ்ட்டுக்கு அனுப்பி, ரிசல்ட் வர்ற வரைக்கும் அது வேண்டாம்."

"டாக்டர், கேன்சர் வந்தவங்க குளிச்ச தண்ணி..."

"அதெல்லாம் ஒட்டாதும்மா. அவங்க தாராளமா இந்தக் குழந்தையைத் தூக்கி வெச்சுக்கலாம்."

அன்று சாயங்காலம் ஷபானா மாடியேறி வந்தாள். அக்கா சோபாவில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். ஷபானா நேராகப் போய்க் குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"வேண்டாம்மா, நான்..."

"டாக்டர் சொல்லிட்டாரு பெரியம்மா. பிடிங்க, எனக்குக் கை வலிக்குது."

அக்கா பிடித்துக்கொண்டாள். இருபது நிமிடக் கணக்கு அவளுக்கு உண்டல்லவா? அன்று அந்தக் கணக்கு வந்ததும், குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடி, திரும்பி வந்து மறுபடி வாங்கிக்கொண்டாள்.

இந்த ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நமக்கு விரல் நுனியில் தெரியும். எந்த ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, லாரி எந்தத் தெருவில் திரும்புகிறது, மோட்டாரை யார் எத்தனை மணிக்குப் போடுகிறார்கள்... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். புழங்கிய தண்ணீர் எங்கே போகிறது? நான் கேட்டதே இல்லை. கண்ணைவிட்டு மறைந்தால் கணக்கு முடிந்தது என்றுதான் இருந்தேன். நெடுஞ்சாலையில் வால்வைத் திறந்துவிட்ட டில்லிக்கும், ஓட்டை மூடியைக் காட்டிய எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவராவது தெரிந்து செய்தார். நான் தெரியாமலே பெருமைப்பட்டேன்!

கிண்டியில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்குக் கிணற்றுத் தண்ணீரை அனுப்பினோம். முதல் ரிசல்ட் சரியில்லை. மறுபடி இறைத்தோம். அத்தனை நாளும் தினம் காலையில் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு போனேன். "ஆளை வெச்சு அனுப்புங்க ஆன்ட்டி" என்றார் இர்ஃபான். முடியாது என்றேன். இரண்டாவது ரிசல்ட் நேற்று முன்தினம் வந்தது. புழங்கலாம்.

நேற்று மத்தியானம் ஷபானா போன் செய்தாள்.

"ஆன்ட்டி, இன்னிக்குக் கிணத்துத் தண்ணியிலதான் குளிப்பாட்டினேன்."

"குழந்தை எப்படி இருக்கான்?"

"நல்லாத் தூங்குறான்."

அவன் தூங்கிவிட்டான். எனக்குத்தான் இன்னும் நாலு நாள் ஆகும்.