பொட்டு வைத்த பொத்தான்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நிறைய மறந்தும் போய்விட்டது. தப்பிருந்தால் மன்னிக்க வேண்டும்.

இது தாம்பரத்தில் நடந்தது. எந்த வருஷம் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் டி.வி. வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு இருக்கலாம். அப்போது சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். காண்ட்ராக்ட் வேலைதான். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்த அங்கே ஒரு பெரிய ஹால் இருந்தது.

அந்த ஹாலுக்கு ஒரு ப்ரொஜெக்டர் வந்தது. இப்போது வருவது போலச் சின்னதாக இருக்காது. டிரங்குப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்கள். வீடியோ டெக்கில் கேசட் போட்டால் திரை முழுக்கப் படம் விழும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு மேடத்தைப் போட்டிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். தபால் செக்‌ஷனில் இருந்தவர், சாயங்காலத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, கேட்டு வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். எங்கள் சூப்பர்வைசருக்கு அது பிடிக்கவில்லை. "பெரிய ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வர்ற அன்னிக்கு ஒழுங்கா ஓடணும். ஓடல, நீ தபாலுக்கே திரும்பிப் பூடு" என்று என் காதுபடவே சொன்னார்.

அந்த மேடம் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். டீ வந்தால் உட்கார்ந்து குடிக்கச் சொல்வார். எனக்குக் கூச்சம், நின்றபடியே குடிப்பேன்.

பெரிய ஆபீஸ் ஆட்கள் வருகிற அன்று காலையிலேயே படம் ஓட்டிப் பார்த்தார். பளிச்சென்று தெரிந்தது. கேசட்டை மட்டும் நிறுத்திவிட்டு, "மிஷின் சூடாவே இருக்கட்டும்க்கா. நான் கேட்டுக்குப் போய் அவங்களைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று போனார். ஹாலில் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் கம்பெனியில் எந்தப் புது மிஷின் வந்தாலும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் ஓட்டுவார்கள். இதற்கு யாரும் வைக்கவில்லை. மேடம் சர்ச்சுக்குப் போகிறவர், அவருக்குத் தோன்றியிருக்காது. அவருக்கு நல்லபடியாக நடக்கட்டும் என்று, ஷெட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்து வந்தேன். கண்ணாடியில் படக் கூடாது என்கிற அறிவு இருந்தது. பக்கவாட்டில் சதுரமாக, பொட்டு வைக்கவே செய்த மாதிரி ஒரு மேடு இருந்தது. அதில் வைத்து அழுத்தினேன். டிக் என்றது. வரிசையாக இருந்த நாலு சின்ன விளக்குகளில் முதல் விளக்கு அணைந்து, அடுத்தது எரிந்தது. என்னமோ ஏதோ என்று ஒதுங்கிவிட்டேன்.

ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேடம் கேசட்டை ஓட விட்டார். திரை நீலமாக நின்றது, படம் வரவில்லை. டெக்குக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கிச் சொருகினார். வேறு கேசட் போட்டார். அதே நீலம்.

"இன்னாம்மா இது? நீல பெயின்ட் அடிச்ச செவுத்தக் காட்டத்தான் இத்தினி பேரை இட்டாந்தியா?" என்றார் சூப்பர்வைசர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் தண்ணீர் டம்ளர் தட்டோடு கதவருகே நின்றிருந்தேன். விளக்கு இடம் மாறியது எனக்குத் தெரியும். சொன்னால் என் வேலை போய்விடும் என்று பயம். அத்தனை பேர் நடுவில் வாய் திறக்கவும் வராது. பத்து நிமிஷம் அப்படியே நின்றேன். வந்தவர்களில் பெரிய அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். மேடம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம், நான் அதுக்குப் பொட்டு வெச்சேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"பொட்டு வெச்சா படம் பூடுமா? அப்போ கற்பூரம் காட்டு, வருதா பாப்போம்" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை.

"எங்கக்கா வெச்சீங்க? காட்டுங்க."

காட்டினேன். குனிந்து பார்த்தார். சந்தனம் ஒட்டியிருந்த அந்தப் பொத்தானை மூன்று தடவை அழுத்தினார். விளக்கு ஒவ்வொன்றாக நகர்ந்து முதல் இடத்துக்கு வந்தது. படம் வந்துவிட்டது.

"யார் உன்ன தொடச் சொன்னது?" என்று சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார்.

"சார், அக்கா சொல்லலைன்னா நான் இன்னும் வயரைத்தான் பிடுங்கிட்டு இருப்பேன். அந்த விளக்கை முதல்ல பார்க்க வேண்டியது நான்தான்" என்றார் மேடம்.

பெரிய அதிகாரி உட்கார்ந்து, "படத்தை ஓட்டும்மா" என்றார். அவ்வளவுதான். மேடம் தபாலுக்குத் திரும்பிப் போகவில்லை. என்னையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.

எல்லோரும் போன பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பீச் ஸ்டேஷன் போற வண்டி ஒண்ணாம் பிளாட்பாரத்துல நிக்குதுன்னு வைங்க. நாம ரெண்டுல நின்னுட்டு வண்டியே வரலைன்னா எப்படி? டெக்கோட வயர் ஒண்ணுல இருக்கு. நீங்க அழுத்தினதும் மிஷின் ரெண்டாம் பிளாட்பாரத்துக்குப் போய் நின்னுடுச்சு."

"அப்ப பொட்டு மேல தப்பு இல்லியே மேடம்?"

"பொட்டு என்னக்கா பண்ணும்" என்று சிரித்தார்.

அப்போதுதான், "வெளக்கு மாறனத அப்பவே பாத்தேன். பயந்துகினு சொல்லாம இருந்துட்டேன்" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. "இனிமே உடனே சொல்லிடுங்கக்கா" என்றார்.

மறுநாள் துடைக்கப் போனபோது, மிஷின் வைத்திருந்த ஸ்டாண்டின் காலில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி பெரிதாக, "பொட்டு இங்கே" என்று தமிழில் எழுதியிருந்தது. நான் அங்கே இருந்த வரைக்கும் அந்த வட்டத்தில்தான் வைத்தேன்.

இப்போது வீட்டில் டி.வி. நீலமாக நின்றால்கூட, யார் கேட்பதற்கும் முன்னால் "நான்தான் எதையோ அழுத்திட்டேன்" என்று சொல்லிவிடுகிறேன். மருமகள் சிரிக்கிறாள்.

விளக்கு நாலா ஐந்தா, மூன்று தடவைதான் அழுத்தினாரா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. அந்த மிஷினைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திப் போடுங்கள். பத்து நிமிஷம் வாய் திறக்காமல் நின்றேன் என்று எழுதியிருப்பதை மட்டும் மாற்ற வேண்டாம், அது சரிதான்.