பம்பாயிலிருந்து ஐந்தரை மணி நேரம்

அக்காவைப் பெண் பார்க்க வரப்போகிறவர் ஆகாய விமானத்தில் பறப்பவர் என்று தரகர் சொன்னதிலிருந்தே எனக்குச் சந்தேகம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்தான். திருத்தணியில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் உண்டு, ஏறியவர் யாரும் இல்லை.

"சொந்த ஊரு பள்ளிப்பட்டு. பம்பாய்ல சினிமா கம்பெனி மானேஜர். மெட்ராசுக்குப் பறந்துதான் வருவாரு, அஞ்சரை மணி நேரம்" என்றார் தரகர். நைனா அதிலேயே பாதி சம்மதித்துவிட்டார்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான் சும்மா இருக்கவில்லை. அட்லாஸை விரித்து பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் நடுவே நூல் பிடித்தேன். அறுநூற்று நாற்பது மைல். விமானம் மணிக்கு நூற்றறுபது மைல் போகும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். நாலு மணி நேரம். மீதி ஒன்றரை மணி எங்கே போயிற்று? பம்பாய் ரயில் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதில் வந்துவிட்டுப் பறந்தேன் என்றால் யாருக்குத் தெரியும்?

அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நான் அங்க போய்ச் சேர்ந்தப்புறம் பொய்னு தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? நேர்லயே கேட்டுடு" என்றாள்.

அவர் அம்மாவோடும் தரகரோடும் வந்து உட்கார்ந்தார். காபி ஆறுவதற்குள் கேட்டுவிட்டேன்.

"நாலு மணில வர தூரம்தானேங்க. அஞ்சரை ஏன் ஆவுது?"

நைனா முறைத்தார். வந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எப்படி அளந்தே தம்பி?"

"நூல் வெச்சு, நேரா."

"நேரா எங்க போறான்? ஐதராபாத்ல எறங்கி பெட்ரோல் போடுவான், ஜனம் ஏறும். ஒரு மணி நேரம் நின்னுகினு இருக்கும். அரக்கோணத்துக்குப் பக்கத்துல இருந்துகினு நீ இதைக் கேக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் காது சுட்டது. அரக்கோணம் ஜங்ஷனில் ரயில் இஞ்சின் தண்ணீர் குடிக்கக் காத்துக் கிடந்தே வளர்ந்தவன், ஆகாயத்தில் ஸ்டேஷனே கிடையாது என்று நினைத்துவிட்டேன். மனசுக்குள் ஐதராபாத் வழியாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தரை சரியாக வந்தது. பறந்தது நிஜம். அப்படியானால் வேறொன்று இடித்தது.

"ரயில் இருக்கறப்போ உங்கள எதுக்குங்க பறக்க விடறாங்க?"

தரகர் இருமினார். "மானேஜர்னா அப்படித்தான்..."

"மானேஜரா? யாரு சொன்னது?" என்று அவர் தரகரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு நைனாவிடம், "நான் படப்பெட்டி கொண்டார ஆளுங்க. ரயில்ல வந்தா வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எட்டாது. பெட்டிதான் பறக்குது. நான் அதுக்குத் துணையா வர காவல்."

"யோசிச்சு சொல்லி அனுப்பறோம்" என்றார் நைனா. அவர்கள் எழுந்து தெருவில் இறங்கினார்கள்.

உள்ளேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "எனக்கு சம்மதம்னு போய்ச் சொல்லு."

"மானேஜர் இல்லையே அக்கா."

"ஆங், கேட்டேன். அவர் வாயாலயே கேட்டேன்."

ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்க அக்கா சொன்னதா, நீயா சொல்றியா?"

"உள்ள வந்து நேர்லயே கேளுங்க" என்று திரும்ப அழைத்துக்கொண்டு போனேன்.