அண்ணி எழுதிய லீவ் லெட்டர்

எங்கள் அண்ணி ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் இரவு வேலை பார்த்தவர். அண்ணன் பகலில் பஸ் ஓட்டுபவர். அவர் உள்ளே நுழையும்போது இவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். வாசலில் சாவி கைமாறும், "சாப்பாடு மூடி வச்சிருக்கேன்" என்று ஒரு வார்த்தை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடும்பம் நடத்திய லட்சணம் இதுதான். பார்க்கிற எனக்கே எரிச்சல் வரும்.

அப்போதுதான் ஒரு மருத்துவமனையில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. பகல் வேலை. அண்ணிக்கு அதிலேயே கண். விண்ணப்பத்தோடு வைக்க ஒரு கடிதம் எழுதி அண்ணனிடம் காட்டினார். அவர் படித்தாரா, தடவிப் பார்த்தாரா தெரியாது, "பிரமாதம்" என்றார். பக்கத்து வீட்டு டீச்சர், "கையெழுத்து முத்து முத்தா இருக்கு" என்றார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

கவரை ஒட்டப்போகும் நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தேன். எங்கள் ஆபீசுக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்குவது என் வேலை. வாங்கிப் படித்தேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு இரவில் வேலை இருக்கின்ற காரணத்தால், பகல் வேலை வழங்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி."

"அண்ணி, இது வேலைக்கு விண்ணப்பமா, லீவ் லெட்டரா?"

"பள்ளிக்கூடத்துல அது ஒண்ணுதானே எழுதச் சொல்லிக் குடுத்தாங்க? கை தானா போயிடுச்சு."

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அண்ணி விருட்டென்று சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாணவியை விடுங்க அண்ணி. உங்களுக்கு என்ன வேணும்னு எழுதியிருக்கீங்க. அவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்கன்னு ஒரு வரி இல்லையே. அங்க என்னதான் பண்றீங்க?"

"என்ன பண்றேன், துணி துவைக்கறேன்."

"அது மெஷின் பண்ணுது. நீங்க?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பெரிய மெஷின் பழுதான அன்று எந்த அறைக்கு முதலில் விரிப்பு வேண்டும் என்று பிரித்து, சின்ன மெஷின்களை வைத்தே விடிவதற்குள் எல்லாவற்றையும் துவைத்துக் கொடுத்தது, ரத்தக் கறையில் சுடுதண்ணீர் பட்டால் இறுகிவிடும் என்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது என்று நிற்காமல் வந்தது.

"இதை ஏன் எழுதல?"

"எழுதினா தற்பெருமைன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நடந்ததைச் சொன்னா என்ன தற்பெருமை?"

எனக்குச் சொன்னபடியே எழுதினார். 'நான் செய்தேன்' என்று வந்த இடத்திலெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எழுதுங்கள், எழுதுங்கள் என்று அதட்டினேன். நேர்காணலில் அந்த மெஷின் கதையைத்தான் துருவித் துருவிக் கேட்டார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

புது வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். அண்ணன் சாப்பிட உட்கார, எதிரே அண்ணி. மருத்துவமனை லிப்ட், அங்கிருக்கும் சிடுமூஞ்சி மேனேஜர், துணி மூட்டைகளின் உயரம் என்று பேசிக்கொண்டே போனார். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்.

"நீ இவ்வளவு பேசுவியா?"

"நீங்க என்னைக்கு இருந்தீங்க, கேக்கறதுக்கு?"

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "சரி, முதல்லேருந்து சொல்லு" என்றார்.